பச்சிலையும் பரிசோதனையும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. பால் மரம் சீவும் உளி கை தவறி விரலிற் பாய்கிறது. அன்றிச் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் காலிற் படுகிறது. பக்கத்தில் நிற்பவர் ஓடிச் சென்று பாதையோரத்துப் பச்சிலையொன்றைப் பறிக்கிறார். உள்ளங்கையிற் கசக்குகிறார், அல்லது வாயிலிட்டு மெல்லுகிறார். காயத்தின்மேல் வைத்து அழுத்தி, தலைத்துண்டின் கிழிசலால் கட்டிவிடுகிறார். சிறிது நேரத்தில் இரத்தம் நின்றுவிடுகிறது. "இலை கேட்டுவிட்டது" என்று சொல்லி யாவரும் வேலைக்குத் திரும்புகின்றனர்.

இரத்தத்தை நிறுத்தியது எது? இலையா? அழுத்திய கையா? அல்லது உடம்பின் இயல்பா? இவ்வினாவை எழுப்பின் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். ஒரு சாரார், "இது சித்தர் கண்ட மூலிகை; இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு?" என்பர். மற்றொரு சாரார், நம்மைப் போல் ஆங்கிலப் பள்ளியில் நாலெழுத்துப் படித்தவர், "படியாதார் நம்பிக்கை" என்று நகைத்து ஒதுக்குவர். இவ்விரு கட்சியாரும் ஒரு காரியத்தில் மட்டும் ஒற்றுமையுடையவர்: இலையை எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. இருவர் கூற்றும் பிழை என்பதற்கு அவ்விலையின் வரலாறே சான்றாக நிற்கிறது. அதனை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலையின் பூர்வீகம்

தமிழ்நாட்டிலும் ஈண்டும் பலராலும் வெட்டுக்காயத்துக்கு எடுக்கப்படும் பூண்டு ஒன்றுண்டு. வெட்டுக்காயப் பூண்டு என்றும், கிணற்றடிப் பூண்டு என்றும், மூக்குத்திப் பூண்டு என்றும் அதனை வழங்குவர். தரையோடு படர்ந்து, நீண்ட காம்பின் உச்சியில் சிறு பூவொன்றை ஏந்தி நிற்கும். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் டிரைடாக்ஸ் புரோகும்பென்ஸ். சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்னும் பேரறிஞர் 1753-ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டபோது, மெக்சிகோ நாட்டிலிருந்து கிடைத்த செடியையே கொண்டு பெயரிட்டார். ஏனெனில் அதன் தாயகம் அந்நாடும் அதனைச் சூழ்ந்த வெப்ப அமெரிக்க நிலங்களுமே.

மலாயா தோட்டங்களில் இன்னும் மிகுதியாக எடுக்கப்படுவது மற்றொரு செடி. ஆள் உயரத்துக்குப் புதராய் வளரும். கசக்கினால் கடு நெடி வீசும். இலையின் மூன்று நரம்புகள் தெளிவாய்த் தெரியும். இதனை மலாய் மக்கள் 'போக்கோக் கப்பால் தெர்பாங்', அதாவது வானூர்திச் செடி, என்பர். ஆங்கிலேயர் சயாம் களை என்றனர். பெயர் சயாமாயினும் பிறப்பு சயாமன்று. இதுவும் அமெரிக்காவினின்று வந்ததே. இதன் விதை பஞ்சு போன்ற மயிர்க்கற்றையோடு காற்றில் மிதந்து, வெட்டவெளி கண்ட இடமெல்லாம் முளைக்கும். காடழித்துத் தோட்டம் போட்ட நாட்டில் வெட்டவெளிக்குக் குறைவேது? ஒன்று கருதுக. வானூர்தி மனிதனைச் சுமந்து முதன்முதற் பறந்தது 1903-இல். எனவே வானூர்திச் செடி என்ற பெயர் அதற்கு முன் தோன்றியிருத்தல் இயலாது. இம்மண்ணில் அச்செடியின் வழக்கு எவ்வளவு இளையது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

கொலம்பஸ் அமெரிக்கக் கரையைக் கண்டது 1492-இல். அதற்கு முன் வாழ்ந்த எந்தச் சித்தரும் இவ்விரு செடிகளையும் கண்ணாற் கண்டிருக்க வழியில்லை. ஆகவே 'சித்தர் கண்டது' என்ற பெருமை இவ்விலைகளுக்குப் பொருந்தாது. ஆயின் நகைத்து ஒதுக்கும் கட்சியார் இது கேட்டு மகிழ வேண்டா. ஏட்டில் இல்லாத, குரு உபதேசம் இல்லாத, புதிதாய் வந்த களையைக் காயத்துக்கு வைக்கலாமென்று கண்டவர் யார்? கூலி வேலைக்கென வந்த மக்களும், கம்பத்து மலாய் மக்களும், ஆடு மேய்த்தவரும், களை பிடுங்கிய பெண்டிருமே. தம் காயத்தின்மேல் தாமே வைத்துப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லி, தகாதவற்றைத் தள்ளித் தக்கதெனத் தோன்றியதைக் கொண்டனர். 'வெட்டுக்காயப் பூண்டு' என்ற பெயர் அவர்கள் எழுதிவைத்த அறிக்கை; அவர்க்குக் கிடைத்த ஏடு அது ஒன்றே. உழைப்பாளி கண்டதைச் சித்தர் கணக்கில் எழுதுவது, பிறர் கூலியைப் பறிப்பது போன்றதாகும்.

இரத்தம் தானே நிற்கும்

நிற்க. கண்டுபிடித்தவர் உழைப்பாளி என்பதனாலேயே கண்டது மெய்யாகிவிடுமா? ஆகாது. இங்கே ஒரு பெரும் இடர் உண்டு. சிறு காயத்தின் இரத்தம் ஒன்றும் வையாமலே நின்றுவிடும்.

உடம்பில் நிகழ்வது இது. குழாய் அறுபட்டவுடன் அது தானே சுருங்குகிறது. இரத்தத்தில் மிதக்கும் நுண்ணிய தட்டுக்கள் அறுபட்ட வாயில் ஒட்டிக்கொண்டு அடைப்புண்டாக்குகின்றன. இத்தட்டுக்களின் தொழிலை 1882-இல் இத்தாலிய மருத்துவர் பிட்சொட்செரோ விளக்கினார். பின்னர் இரத்த நீரிலுள்ள கரைபொருளொன்று இழைகளாகத் திரிந்து, வலைபோற் பின்னி, அடைப்பை இறுக்குகிறது. அவ்விழைக்குப் பைபிரின் என்று பெயர். திராம்பின் என்னும் பொருள் அதனைத் திரிக்கிறது. அத்திராம்பின் தோன்றச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். இவ்வரிசையை 1905-இல் ஜெர்மானியர் மோராவிட்ஸ் ஒழுங்குபடுத்தி எழுதினார். பின்வந்தோர் இன்னும் பல கண்ணிகளைச் சேர்த்தனர்.

1910-இல் அமெரிக்க மருத்துவர் டியூக் ஓர் எளிய முறை கண்டார். காது மடலில் சிறு கீறலிட்டு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை வடிதாளால் ஒற்றினார். தாளில் பதியும் பொட்டு வரவரச் சிறுத்து மறைகிறது. நலமுள்ளவர்க்கு ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் இரத்தம் நின்றது. மருந்தில்லை, மந்திரமில்லை, இலையுமில்லை.

இலையைத் தேடிப் பறித்து, கசக்கி, வைத்துக் கட்டுதற்கு எவ்வளவு நேரம் செல்லும்? ஏறக்குறைய அதே நேரம். ஆதலின் 'இலை வைத்தேன், இரத்தம் நின்றது' என்பது சான்றாகாது. சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்பதும் இத்தகையதே. இலை வைத்த காயத்தையும், இலை வையாது அதே அளவு அழுத்திய காயத்தையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

கோலாலம்பூர் கற்பித்த பாடம்

இவ்வாறு இரு பக்கமும் வைத்து எண்ணிப் பார்க்கும் முறையை நாம் ஐரோப்பாவிற் சென்று கற்க வேண்டுவதில்லை. நம் கோலாலம்பூரிலேயே, நம் தமிழர் உணவையே பொருளாகக் கொண்டு, உலகறிந்த பரிசோதனை ஒன்று நடந்திருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரமாயிரம் உயிரைக் குடித்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சடைத்து மாண்டனர். சீனத் தொழிலாளரிடையே இது மிகுதி, தமிழரிடையே அரிது. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் என்பவர் இதனைக் கவனித்து, வேறுபாடு அரிசியில் உள்ளது என்றார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பலர் இதனை ஏற்கவில்லை.

அப்போது கோலாலம்பூர் மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர், 1905-ஆம் ஆண்டின் இறுதியில், மனநோய் விடுதியில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணினர்க்கு ஒரு வகை அரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்கு மற்றொரு வகை. ஓராண்டுக்கு மேல் இது நடந்தது. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 43 பேர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயுடையோர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர். இறந்தவர் எவருமில்லை. இம்முடிவு 1907-இல் லண்டனில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் பின்னர் இதனை மேலும் ஆராய்ந்து உறுதி செய்தனர்.

இதில் வருந்தத்தக்கதும் உண்டு. அவ்விடுதியினர் சம்மதம் கேட்கப்பட்டவரல்லர். மாண்ட 18 பேரும் தம்மை வைத்து என்ன நடக்கிறதென்று அறியாமலே மாண்டனர். இன்று அத்தகைய செயலை எந்த நெறிக் குழுவும் அனுமதியாது, அனுமதிக்கவும் கூடாது. ஆயினும் அவர்கள் உயிர் கொடுத்துக் கற்பித்த பாடத்தை நாம் மறத்தலும் கூடாது. 'எங்கள் பாட்டி நெல்லைப் புழுக்கினாள்' என்பது வழக்கம். '120-இல் 43, 123-இல் 2' என்பது அறிவு. வழக்கத்தை அறிவாக்குவது எண்ணிக்கையே.

கல்கத்தா முதல் சயாம் வரை

இனி இரத்தம் நிறுத்தும் இலைகளை எவர் எவ்வாறு சோதித்தனர் என்பதைக் காண்போம்.

நம் நாட்டவர் செய்த சிறந்த முயற்சி கல்கத்தாவில் நடந்தது. வங்காளத்து மக்கள் இரத்தக் கசிவுக்கு அயபானா என்னும் செடியின் சாற்றைக் கொடுப்பர். இதுவும் பிரேசில் நாட்டினின்று வந்ததே. அயபானா என்பதும் அந்நாட்டுச் சொல்லே. மலையாள நாட்டில் அது அய்யப்பனா ஆயிற்று. பெயரைக் கேட்போர் ஐயப்பன் அருளிய பச்சிலை என எண்ணுதல் இயல்பு. ஒரு சொல்லின் ஓசை எவ்வளவு விரைவில் புராணமாகிறது, பாருங்கள்! கல்கத்தா ஆராய்ச்சியாளர் புராணத்தோடு நிற்கவில்லை. 1930-களில் அவ்விலையினின்று அயபானின், அயபின் என்னும் இரு பொருள்களைப் பிரித்தெடுத்தனர். 1941-இல் போஸ், சென் என்னும் இருவர் அவை இரத்தத்தை நிறுத்தும் இயல்பை ஆராய்ந்து வெளியிட்டனர். இலை முழுவதும் மருந்தன்று. இலையிலுள்ள இன்ன பொருள் இன்ன தொழில் செய்கிறது என்று பிரித்துக் காட்டியதே அவர் பெருமை.

நம் வானூர்திச் செடியும் பல நாடுகளில் ஆராயப்பட்டுளது. நைஜீரியாவில் ஆக்கா என்பார் அதன் இலைச்சாறு எவ்வழியாக இரத்தத்தைத் தடுக்கிறது என 1990-இல் எழுதினார். வியட்நாமில் ஹனோய் தீக்காய மருத்துவ நிலையத்தார் அவ்விலைச் சத்திலிருந்து யூபோலின் என்னும் காய மருந்தைச் செய்து பயன்படுத்தினர். 2013-இல் சயாமிய ஆராய்ச்சியாளர் உயிரணுக்களை வளர்த்துச் சோதித்தனர். இரத்தத் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டவும், குழாய் சுருங்கவும் உதவும் திராம்பாக்சேன் என்னும் பொருளை ஆக்குகின்ற நொதியை அச்சாறு மிகுவிப்பதாகக் கண்டனர். ஆகவே லயத்து மூதாட்டியின் சொல்லில் பொருள் உண்டு என்பதற்கு இடம் ஏற்பட்டிருக்கிறது. எனினும் கண்ணாடிக் கிண்ணத்து உயிரணு வேறு. வெட்டுண்ட மனிதன் வேறு. பலநூறு மனிதர் காயங்களை இரு பிரிவாக்கி எண்ணிய பின்னரே இறுதித் தீர்ப்புச் சொல்லலாகும்.

கிண்ணத்துச் சோதனை நம்மை ஏமாற்றுவதும் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா வீதியிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் மாசிக்காய் விற்கிறார்கள். மலாய்ப் பெண்டிர் இதனை மஞ்சகானி என்பர். மாசிக்காய், கடுக்காய், வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி இவையாவும் துவர்ப்புடையன. துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். தோலைப் பதனிடுவதும் இதுவே. இதனை இரத்தத்தில் விட்டால் அதிலுள்ள புரதத்தைத் திரைத்துக் கட்டியாக்கும். பார்ப்பவர், 'இரத்தம் உறைந்தது' என்பர். ஆனால் அது உடம்பு நெய்த பைபிரின் வலையன்று. பால் திரைந்தது போன்ற திரிவு. மேலோட்டமான கசிவுக்கு அது உதவலாம். ஆழ்ந்த குழாயின் பாய்ச்சலுக்கு அது ஈடு நில்லாது. இரண்டையும் ஒன்றென மயங்கிய ஆராய்ச்சி, ஆராய்ச்சி ஆகாது.

மறைத்து வைப்பதும் சோதனைக்குப் பகை. சீன மருந்துக் கடைகளிற் புகழ்பெற்ற யுன்னான் பாய்யாவ் என்னும் பொடி 1902-இல் சூ ஹுவான்ஸாங் என்னும் மருத்துவர் ஆக்கியது. போர்க்களத்தில் வீரர் அதனை உடன் கொண்டு சென்றனர். 1955-இல் அவர் குடும்பத்தார் அதன் பக்குவத்தைச் சீன அரசிடம் ஒப்படைத்தனர். அரசு அதனை இரகசியமாகக் காத்தது. 2013-இல் ஹாங்காங் சுகாதாரத் துறையினர் அம்மருந்தின் சில வகைகளைச் சோதித்தபோது, உறையில் குறிப்பிடாத நாவி என்னும் நச்சு வேரின் சத்து இருக்கக் கண்டு, விற்பனையினின்று திரும்பப் பெறச் செய்தனர். இரத்தம் நிறுத்தும் குணம் இருந்தாலும், உள்ளிருப்பது இன்னதென்று உண்பவர் அறியாவிடின் அது மருந்தும் ஆகலாம், நஞ்சும் ஆகலாம்.

நிறுத்துவதும் ஓட்டுவதும்

'இயற்கைப் பொருள், ஆகவே தீங்கில்லை' என்பார் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. இரத்தத்தை நிறுத்தும் இயற்கையே அதனை நில்லாது ஓடவும் செய்கிறது.

காட்டோரத் தோட்டங்களில் அட்டை கடித்த இடம் நெடுநேரம் கசிந்துகொண்டிருப்பதை அறியாதார் யார்? அட்டையின் வாயிலூறும் பொருளொன்று இரத்தத்தை உறையவொட்டாது தடுக்கிறது என்று 1884-இல் ஹேகிராப்ட் என்னும் ஆங்கிலேயர் கண்டார். பின்னர் அதற்கு ஹிருடின் எனப் பெயர் வந்தது.

செடிகளிலும் இவ்வாறே. 1933-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், இறந்த கன்றையும் உறையாத இரத்தம் நிறைந்த பாற்குடத்தையும் வண்டியிலேற்றிக்கொண்டு வந்து, லிங்க் என்னும் வேதியியலார் முன் வைத்தார். அவர் மாடுகள் தின்றது கெட்டுப்போன இனிப்புத் தீவனப் புல். பல்லாண்டு உழைத்து அதிலிருந்து டைகூமரால் என்னும் பொருளை லிங்க்கின் கூட்டத்தார் பிரித்தனர், 1941-இல் வெளியிட்டனர். அதன் வழியே 1948-இல் வார்பரின் என்னும் எலி மருந்தும், பின்னர் அதே பொருள் நெஞ்சு நோயாளிக்குரிய மருந்தாகவும் வந்தன.

வியப்பு யாதெனின், கல்கத்தாவில் இரத்தத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்ட அயபானினும், விஸ்கான்சினில் இரத்தத்தை நில்லாதோடச் செய்த டைகூமராலும் கூமரின் என்னும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். ஒரே ஆண்டில் ஒரே குலத்துப் பிள்ளைகளிருவர் எதிரெதிர்த் தொழில் செய்வதாக உலகுக்கு அறிவிக்கப்பட்டனர். குலத்தைக் கொண்டு குணத்தை முடிவு கட்டுதல் மனிதரிடத்துப் பிழையாவது போலவே மருந்தினிடத்தும் பிழையாம்.

இலை செய்யாதவை

நாம் தோட்ட அலுவலகத்தில் விபத்துப் பதிவேடு எழுதுபவர். சில ஆண்டுகளுக்கு முன் செம்பனை அறுவடையில் ஒருவர் முழங்காலுக்குக் கீழே ஆழமாய் வெட்டுண்டார். உடனிருந்தோர் ஒரு பிடி இலை வைத்துத் துணியாற் சுற்றினர். மேலே இரத்தம் தெரியவில்லை. ஆதலின் நின்றுவிட்டது என நம்பினர். உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது. வண்டி தேடுவதற்கும் அவசரம் காட்டவில்லை. அவர் மயங்கி விழுந்த பின்னரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயினர். உயிர் தப்பினார், காயம் சீழ் வைத்து ஆறிய கால் இன்றும் நன்றாய் மடங்குவதில்லை. பதிவேட்டில் பெயர், நாள், நேரம், காயம்பட்ட இடம் யாவும் எழுதினோம். இலை வைத்ததைக் குறிக்க அதில் கட்டமில்லை, நாமும் எழுதவில்லை. அந்த இலை குணம் செய்ததா, கெடுதி செய்ததா என்பதற்கு இன்று எந்த ஏட்டிலும் சான்றில்லை. அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

ஆழ்ந்த காயத்துக்கு முதல் மருந்து தூய துணியை வைத்து இடைவிடாது அழுத்துதலும், தாமதியாது ஆஸ்பத்திரி சேர்த்தலுமே. பாதையோரத்து இலையில் மண்ணுண்டு. மண்ணில் வில்வாத நோயின் கிருமி விதையுண்டு. அக்கிருமியை 1889-இல் ஜப்பானியர் கிட்டசாட்டோ பிரித்து வளர்த்த பின், தடுப்பு ஊசியும் வந்துவிட்டது. இவற்றைவிடப் பெரிதான ஆபத்தொன்று இக்காலத் தோட்டங்களில் உண்டு. அவ்விலைகள் தோட்டக் கணக்கில் களை. களைக்குத் தெளிப்பது நஞ்சு. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி மலேசியாவில் 2020 சனவரி முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆயினும் வேறு களைக்கொல்லிகள் தெளிக்கப்பட்டே வருகின்றன. காலையில் மருந்து தெளித்த இலையை மாலையில் திறந்த புண்ணில் வைப்பது என்ன வைத்தியம்? மேலும், வானூர்திச் செடியில் ஈரலைக் கெடுக்கும் சத்துக்களும் உள்ளன. எனவே அதனை அரைத்துக் குடிக்கச் சொல்லும் உபதேசிகளை நம்பற்க.

பிரசவத்தின்பின் தாய்க்கு ஏற்படும் பெருக்கை இலையைக்கொண்டு நிறுத்தலாமெனக் காத்திருத்தல் கொலைக்கு ஒப்பாகும். ஜப்பானிய அம்மையார் உத்தாக்கோ ஒக்கமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தைக் கண்டனர். அது இத்தாய்மாரைக் காக்குமா என 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் சோதித்து 2017-இல் முடிவு சொன்னார்கள். மருந்து பெற்றோரில் இரத்தப் பெருக்கால் இறந்தவர் நூற்றுக்கு 1.5, பெறாதோரில் 1.9. இவ்வேறுபாடு எந்தத் தனிமனிதன் கண்ணுக்கும் புலப்படாது. நூறு பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கும் புலப்படாது. ஆனால் உலக முழுவதும் கணக்கிட்டால் அது பல்லாயிரம் தாய்மாரின் உயிர். 'என் அனுபவத்தில் கண்டேன்' என்பாருக்கு இதனினும் வேறு விடை வேண்டுமா?

நம் கடமை

நாம் இலையைத் தூற்ற வந்தோமல்லோம். தூற்றுதலும் போற்றுதலும் எளிது, எண்ணுதலே அரிது. அவ்வேலைக்கு முதற்படி பதிவு செய்தல். மலாய்க் கிராமத்து மருந்துகளைத் தாவர அறிஞர் பர்க்கில் முகமது ஹனீப் என்பவரோடு சேர்ந்து 1930-இல் தொகுத்தார். 1935-இல் மலாயாவின் பயன்படு பொருள்களைப் பற்றிய அவரது பேரகராதி இரு பாகங்களாய் வெளிவந்தது. அதுபோல லயத்து மக்களின் பச்சிலைகளையும் நாம் தொகுக்க வேண்டும். அதற்குக் காலமும் குறுகிவருகிறது. எப்பிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா ஆயிற்று. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. லயங்கள் போயின, லயத்தில் இருந்த மூதாட்டியர் அடுக்கு மாடிகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனர். அவர்கள் அறிந்தது அவர்களோடு போய்விடும்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் நம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பாட்டியிடம் அமருங்கள். எந்த இலை, எந்தக் காயம், எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் என்று கேட்டு எழுதுங்கள். இலையைப் பூவோடு தாளிடை வைத்துக் காயவைத்துக் காப்பாற்றுங்கள். ஒரே பெயரில் பல செடி உண்டு. கேளாத முறையையும் கேட்டு எழுதுங்கள். வெற்றியை மட்டும் எழுதுவது ஜோசியக்காரன் வழக்கம். பின்னர் அதனைக் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தார் போன்ற அறிந்தோர் முன் வையுங்கள். சோதனையில் தோற்றால் வருந்தற்க. வென்றால், கண்டவர் பெயர் தொழிலாளி என்று எழுதுக.

விளம்பரத்தில் மயங்கும் அன்பர்க்கும் ஒரு சொல். மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளும் பதிவு பெற வேண்டுமென்ற விதி 1992 முதல் உண்டு. பதிவெண் இல்லாத பொடியை, 'ஐயாயிரம் ஆண்டுப் பழமை' என்று உறையில் எழுதியிருப்பதற்காக வாங்காதீர்கள். ஐந்நூறு ஆண்டுக்கு முன் கடல் கடந்து வந்திராத செடிக்கு ஐயாயிரம் ஆண்டுப் பெருமை எங்ஙனம் வரும்?

நம் அலுவலகப் பதிவேட்டில் இலைக்குக் கட்டம் இன்னும் இல்லை. இன்று அரிவாள் பிடிப்பவருள் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும். காயம் பட்டால் அவர்களும் அதே புதரையே நாடுகின்றனர். ஆகவே ஓரத்து வெற்றிடத்தில், சிறு எழுத்தில், 'இலை வைத்தார், இன்ன இலை, ஆஸ்பத்திரி சேர இத்தனை நிமிடம்' என்று இப்போது எழுதி வருகிறோம். அஃது ஆராய்ச்சியாகாது என்பதை நாம் அறிவோம். ஆராய்ச்சி செய்ய வருபவர் ஒருநாள் அப்பக்கத்தைப் புரட்டுவாராயின், அங்கே வெறுந்தாள் இருத்தல் கூடாது என்பதே நம் எண்ணம்.